இஸ்திரி அக்காவின் புது முடி

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் நாலைந்து சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, "இஸ்திரி அக்கா கடை இதுதானே?" என்று கேட்டார். அக்கா கோபப்படவில்லை. மூட்டையை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற மனைவியின் தலையை ஒரு பார்வை பார்த்தாள். "சட்டைய எடுத்துட்டுப் போங்க. இவங்கள விட்டுட்டுப் போங்க" என்றாள். அந்த அம்மாள் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், அதன்பிறகு வேறு பார்லர் வாசலை மிதித்ததே இல்லை.

அக்காவின் தொழில் சுருட்டை முடியை நேராக்குவது. முடி வெட்டுவாள், புருவம் திருத்துவாள், முகத்தில் எதையாவது பூசிப் பளபளப்பாக்குவாள். அதெல்லாம் ஒப்புக்கு. மனசு முழுக்க முடியை நேராக்குவதில்தான் இருந்தது. சுருட்டை என்பது அவளைப் பொறுத்தவரை சளி, காய்ச்சல் மாதிரி ஒன்று; வந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்தச் சூட்டுக் கருவியைக் கையில் எடுத்துவிட்டால் அவள் முகத்துக்கே ஒரு தனிக் களை வந்துவிடும். ஒரு கொத்தைப் பிரித்தெடுப்பாள், புறங்கையால் தொட்டு ஈரம் போய்விட்டதா என்று பார்ப்பாள், வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. ஆவி கிளம்பும், ஆனால் கருகாது. "என் கைக்கு அளவு தெரியும்" என்பாள். பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, தெரிந்துதான் இருந்தது.

அவளுடைய முடி பிறவியிலேயே நேர் முடி. இடுப்புக்குக் கீழே, ஒரு நெளிவுகூட இல்லாமல் தொங்கும். கடையின் கண்ணாடிக் கதவில் முழு உயரத்துக்கு ஒட்டியிருந்த படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது வேறு யாருமில்லை, அவளேதான். "இது நிஜமாவே நீங்கதானா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் அவளைப் பிடிக்க முடியாது. கொண்டையில் செருகிய கிளிப்பை உருவி, தலையை ஒரு உதறு உதறிக் காட்டுவாள்.

இந்தத் தொழில் ஆரம்பமானதே தங்கையின் தலையில்தான். தங்கைக்குப் பிறவிச் சுருட்டை. அடர்த்தியென்றால் அப்படி ஓர் அடர்த்தி. சீப்பின் பல் முறிந்து உள்ளே விழுந்தால் அடுத்த குளியலில்தான் வெளியே வரும். அம்மா ஒருநாள் அலுத்துப்போய்ச் சீப்பை வீசிவிட்டு, "உன் தங்கச்சியாச்சு, நீயாச்சு" என்று மூத்தவளிடம் தள்ளிவிட்டாள். மூத்தவளுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேசையில் தங்கையைக் கன்னத்தை வைத்துச் சாயச் சொல்லி, முடியை மேசைமேல் விரித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, வீட்டிலிருந்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அடுத்த வாரமே இரண்டு பேர் தங்கள் தலையையும் கொண்டுவந்து நின்றார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவள் முறையாகப் படித்தாள், கடை போட்டாள், நல்ல கருவிகள் வாங்கினாள். எந்தப் புது மருந்து வந்தாலும் முதலில் தங்கையின் தலைக்குத்தான். கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறு கதவைப் பாதி சாத்திவிட்டு, தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, மத்தியானம்வரைக்கும் இழுத்து இழுத்து நேராக்குவாள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும். தங்கை கண்ணை மூடிக்கொண்டு "ம்" போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தத் தங்கை வளர்ந்து டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளானாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மட்டும் நம்பி, நடுங்குகிறவர்களையெல்லாம் பெரிய சாலையில் இறக்கிவிடுகிற வேலை. அதற்கு ஒரு பொறுமை வேண்டும். அவள் கத்தவே மாட்டாள். "ஸ்டியரிங்க நெரிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப்போகாது" என்பாள், அவ்வளவுதான். அக்கா அவளை "டிரைவரம்மா" என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் டிரைவரம்மா ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது உள்ளே வந்தாள். மருந்து பட்ட முடியையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, காதளவுக்குச் சுருள் சுருளாக நின்றது தலை. "இனிமே வேண்டாம்க்கா. அதுபாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். அக்காவுக்கு அடிமடியில் கை வைத்தது போல் ஆகிவிட்டது. நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார்கள். "இந்தத் தலையோட என் கடைக்குள்ள வராத" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை, அன்றைக்கு அவள் சொன்னதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தங்கை போய்விட்டாள். அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை, ஆனால் சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, மழை வருமா, மாமாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு, இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி காலியாகவே கிடந்தது.

அதற்கப்புறம்தான் அக்காவின் மார்பில் அந்தக் கட்டி வந்தது.

யாரும் கூப்பிடாமலே தங்கை டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் அந்தக் காரில்தான். முன்னும் பின்னும் கற்றுக்குட்டி என்ற பலகை மாட்டியிருக்கும். சாலையில் எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். "ஆம்புலன்ஸுக்குக்கூட இப்படி வழி விடமாட்டாங்கடி" என்று அக்கா வாந்திக்கு நடுவிலும் சிரித்தாள். அறுவை முடிந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி தலையணையில் உதிர ஆரம்பித்தது. அதற்கும் அவள் கலங்கவில்லை. தன்னுடைய டிரிம்மரைத் தானே எடுத்துக் கணவனிடம் கொடுத்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர். டிரிம்மரைப் பிடித்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் அவள் கழுத்தில் சொட்டியது. "கோணலா எடுக்காதீங்க. போனா வரப்போகுது" என்றாள் அவள்.

வரும் என்று நம்பித்தான் இருந்தாள். உடம்பு தேறியது, பசி திரும்பியது, புருவம்கூட வந்தது. தலையில் முதலில் பூனை முடி மாதிரி வந்தது, பிறகு கறுத்தது, பிறகு விரல் நீளம் வளர்ந்தது. வளர்ந்தது ஒன்றும் நேராக வளரவில்லை. ஒவ்வொரு கொத்தும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் போனது. டாக்டரைக் கேட்டாள். "சில பேருக்கு இப்படி வரும். பழையபடி மாறலாம், மாறாமலும் போகலாம். நீங்க நல்லா இருக்கீங்க, அதப் பாருங்க" என்றார் டாக்டர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்க முடியுமா?

அக்கா தலையோடு மல்லுக்கு நின்றாள். காய்ந்த முடியை நைஸ் சீப்பால் வாரினாள்; அது பொசபொசவென்று கிளம்பிப் பஞ்சு மூட்டையாக நின்றது. எண்ணெயைக் கொட்டிப் படிய வைத்தாள்; மத்தியானத்துக்குள் எழுந்துவிட்டது. கடைசியில் ஒரு காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், தன் கருவியைச் சூடேற்றினாள். ஊருக்கே செய்தவளுக்குத் தன் தலை பெரிய காரியமா? ஆனால் அது புது முடி, குழந்தை முடி போல மெல்லிசு. கைக்குத் தெரிந்திருந்த அளவு வேறு தலைகளின் அளவு. ஒரே இழுப்பு. தீய்ந்த வாடை வந்தது. இடது காதுக்கு மேலே இருந்த கொத்து அப்படியே முறிந்து தகட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

முடி போனதற்கு அழாதவள் அன்றைக்கு அழுதாள். என் கைக்கு அளவு தெரியாமல் போய்விட்டதே என்றுதான் அழுதாள்.

அதன்பிறகு தலையில் ஒரு ஸ்கார்ஃப். குளியலறைக் கண்ணாடிமேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். படுக்கையறை அலமாரிக் கண்ணாடிக்கு ஒரு போர்வை. கடையை எப்போது திறப்பீர்கள் என்று வாடிக்கையாளர்கள் போன் செய்தபோதெல்லாம், "நிக்க முடியலைங்க, களைப்பா இருக்கு" என்றாள். களைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மாடிப்படியைத் தினமும் மூன்று தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தலையை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அடுத்தவர் தலையை நேராக்குவது? சிரிக்கமாட்டார்களா? அந்த நினைப்புதான் அவளை உள்ளே போட்டு அரித்தது. பக்கத்துத் தெருவில் செல்போன் விற்கிறவர் ஒருவர் இடம் தேடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவதாக அவரிடம் சொல்லிவிட்டாள். கடையையும் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் தங்கை வந்தபோது அக்கா சமையலறையில் சுத்தமான பாத்திரங்களையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே தங்கையிடம் குசுகுசுவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கண்ணாடிக்குப் போர்வை போட்டது, முடி கருகியது, திங்கட்கிழமை சாவி, ஒன்றையும் விடவில்லை. "நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றார்.

தங்கை நேரே சமையலறைக்குப் போனாள். "மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றாள். வாசலில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வேலைக்கு நழுவினார்.

"அந்த மனுஷனுக்கு வாயில பூட்டே கிடையாது" என்றாள் அக்கா.

"ஸ்கார்ஃப எடு."

"எதுக்கு? வேடிக்கை பாக்கவா?"

"எடுக்கா. நான் பாக்காத சுருட்டையா?"

அக்கா எடுக்கவில்லை. தங்கைதான் முடிச்சை அவிழ்த்தாள். காதுக்கு மேலே கருகின இடத்தை விரல்நுனியால் ஒருதரம் தொட்டாள். அக்கா காத்திருந்தாள். இப்போது கேட்பாள், இந்தத் தலையோடு நீ உன் கடைக்குப் போவாயா என்று இப்போது கேட்பாள் என்று நினைத்தாள். கேட்டால் நியாயம்தான் என்றும் நினைத்தாள். தங்கை கேட்டது வேறு.

"குளிச்சியா இன்னிக்கு?"

"இல்ல."

"நல்லது. வா."

குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். வாழ்நாளெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவள் அக்கா. உட்கார்ந்து பழக்கமே இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்தாள், பிறகு முட்டியில் வைத்தாள். தங்கை தலையை நன்றாக நனைத்து அலசினாள். தண்ணீர் சொட்டச் சொட்டவே, பையிலிருந்து எடுத்த கிரீமை இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்டு முடிக்குள் விட்டாள்.

"துடைக்கலையா? இவ்வளவு ஈரத்துல யாராவது கை வைப்பாங்களா?"

"இதுக்கு ஈரத்துலதான் கை வைக்கணும்."

"சீப்பு?"

"விரல்தான்."

அப்புறம் தலையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். ஒரு பாத்தியிலிருந்து ஒரு கொத்து எடுத்து, அதை இரண்டு பிரியாக்கி, கயிறு திரிப்பது போல ஒன்றின்மேல் ஒன்றைச் சுற்றி நுனிவரை முறுக்கினாள். நுனியை விரலில் சுற்றி விட்டாள். பிறகு அடுத்த கொத்து. இப்படி முறுக்கி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மெதுவாகப் பிரித்துவிட்டால் பொசபொசப்பு அடங்கி ஒரே சீரான சுருளாக நிற்கும். ட்விஸ்ட் அவுட் என்று பெயர். தங்கை இரண்டு வருடமாகத் தனக்குத்தானே செய்துகொள்வது.

அக்காவுக்கு எதுவும் கண்ணில் தெரியவில்லை, எதிரே சுவர். ஆனால் தலையில் படுகிற ஒவ்வொரு விரலும் அவளுக்குத் தெரிந்தது. தொழிலாளியாயிற்றே. "வகிடு கோணலா போகுது" என்றாள். "அந்தக் கொத்து பெருசு, இது சின்னது" என்றாள். "நுனிய இறுக்கிப் பிடிடி" என்றாள். தங்கை எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு முறுக்கினாள். முடிந்ததும், "இப்போ ஒண்ணே ஒண்ணுதான். தொடக்கூடாது. நான் சாயங்காலம் வந்து பிரிக்கிறேன். அதுவரைக்கும் கைய வைக்காத" என்றாள்.

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"இல்ல. நீ பார்லர்க்காரி. அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மாணவர்கள் காத்திருப்பார்கள் என்று காரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பயந்தது வீண்போகவில்லை. அக்கா மத்தியானம்வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். துணி மடித்தாள், ஜன்னலைத் துடைத்தாள். கை தானாகத் தலைக்குப் போகும், இழுத்துக்கொள்வாள். சாப்பிட்ட பிறகு ஒரு முறுக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இன்னொன்று, அதுவும் காய்ந்திருந்தது. இத்தனை வருடமாக ஈரம் பார்த்த புறங்கை, அது பொய் சொல்லுமா? பிரித்தாள். ஒன்று, இரண்டு, இடது பக்கம் முழுவதும் பிரித்துவிட்டாள். நேர் முடிக்கு மேலே காய்ந்தால் உள்ளேயும் காய்ந்த மாதிரிதான். முறுக்கிய சுருட்டை அப்படியில்லை. மேல்சுற்று காய்ந்துவிடும், நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும். தொழில் தெரியாதவள் சொன்னபடி சும்மா இருந்திருப்பாள். தொழில் தெரிந்ததனால்தான் மாட்டிக்கொண்டாள்.

குளியலறைக் கண்ணாடிமேலிருந்த துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வலது பக்கம் சின்னச் சின்னக் கயிறுகள். இடது பக்கம் பெரிய காளான். துண்டை இறக்கிவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர் ஒருகணம் அவளைப் பார்த்தார். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களிடம் பேசுகிற குரலில், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, சரி பண்ணிடலாம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இனிமே எதுவும் வராதுங்க" என்றாள். "அவ நல்லாத்தான் பண்ணிவிட்டா. நான் கெடுத்துட்டேன். என் கையால எதத் தொட்டாலும் கெட்டுப்போகுது. கடைய அந்த ஆளுக்குக் குடுத்துடலாம், அதான் சரி." அவர் ஒரு துண்டை எடுத்துக் காயப்போட்டார். அது ஏற்கனவே காய்ந்துதான் இருந்தது.

தங்கை வந்தாள், பார்த்தாள், கைப்பையைக் கீழே வைத்தாள்.

"திட்டு" என்றாள் அக்கா.

"எதுக்கு? முதல் தடவை நான் பஸ் ஸ்டாப்லயே பிரிச்சிட்டேன். ஆபீஸுக்குப் போறதுக்குள்ள தலை குடை மாதிரி ஆயிடுச்சு. பாடம் கத்துக்க வந்தவர் என்னைப் பாத்ததும் சீட் பெல்ட்ட இறுக்கிப் போட்டுக்கிட்டாரு."

அக்கா இப்போது சிரித்துவிட்டாள். சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்தாள். தங்கை மறுபடி தலையை நனைத்து, மறுபடி கிரீம் போட்டு, முதலிலிருந்து முறுக்கினாள். "காலையில வரேன். உன் கை தலைக்குப் போச்சுன்னா மாமா பிரேக் போடுவாரு" என்று அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தாள். அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு காலை தங்கை வந்து விரல்களில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தாள். முறுக்கின திசைக்கு எதிர்த்திசையில், நுனியிலிருந்து, அவசரமில்லாமல். ஒவ்வொன்றும் அவிழ்ந்து இரண்டு சுருளாகி நின்றது. கருகிய இடத்தைப் பக்கத்துச் சுருள்களை இழுத்து மூடினாள். முடிந்ததும் எழுந்து போய், அலமாரிக் கண்ணாடியின் போர்வையை உருவி எடுத்துவிட்டு, அக்காவைத் தோளைப் பிடித்து அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

அக்கா முதலில் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கண்ணாடியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒரே மாதிரி நெற்றி, ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி தலை. கூடப் பிறந்தவர்கள் என்று இவர்களைப் பார்த்து யாரும் இதுவரை சொன்னதில்லை. இப்போது கேட்கவே வேண்டியதில்லை. அழகாக இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய முடி இல்லை. அது வராமலே போனாலும் போகும். ஆனால் கண்ணாடியை விட்டு நகரவும் மனசு வரவில்லை. தலையை மெல்ல இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள். சுருள்களும் கூடவே ஆடின.

"நல்லா பண்ணியிருக்க" என்றாள். தொழில்காரி வாயிலிருந்து அது லேசில் வருகிற வார்த்தை இல்லை.

"அப்போ நாளைக்குச் சாவி குடுக்காத."

"குடுக்காம? இந்தத் தலையோட கடை நடத்தினா யாருடி வருவா?"

"நான் வரேன்."

அக்கா கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். அடுத்துச் சொன்னதை அக்கா சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "நீ எதுக்கு வரணும்? உனக்குத்தான் என் கையே வேண்டாம்னு ஆயிடுச்சே."

தங்கை கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"கை வேண்டாம்னு நான் எப்போக்கா சொன்னேன்? இஸ்திரிதான் வேண்டாம்னேன்."

அக்காவின் கை காதோரம் கருகிய இடத்துக்குப் போனது.

"எரியும், தெரியுமா. காது ஓரமெல்லாம் எரியும். ஆனாலும் வருவேன். மாசத்துல ஒரு நாள் நீ எனக்குன்னு நிப்ப, தலையத் தொட்டுக்கிட்டே என்னென்னவோ பேசுவ. அதுக்காகத்தான் வந்தேன். இஸ்திரிய நிறுத்தினா அதுவும் நின்னுடும்னு எனக்குத் தெரியாமப் போச்சு." தங்கை குரல் மாறவில்லை, பெரிய சாலையில் வண்டி திரும்பும்போது பேசுகிற அதே குரல்தான். "ரெண்டு வருஷமா நானே முறுக்கிக்கிறேன். பின்னாடி சரியா வர்றதில்ல. கண்ணும் தெரியல, கையும் எட்டல. அது பாட்டுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். யாரைப் போய்ப் பிடிக்கச் சொல்றது?"

அக்கா திரும்பி அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தாள். உண்மைதான். முன்னால் சுருள்கள் சீராக இருந்தன. பின்னால் பாத்தி குழம்பி, முறுக்கு தளர்ந்து, பாதி சிக்குப் பிடித்துக் கிடந்தது. இத்தனை மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் காரோட்டியவளின் தலை. எத்தனை தடவை பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டு இதையே பார்த்தபடி போயிருக்கிறாள். பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறாள். அழுகையாக வந்ததை அதட்டலாக மாற்றிக்கொள்ள அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இப்படியா விட்டு வெப்பாங்க தலைய? சாவி எங்கங்க?" என்றாள் கணவரிடம்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். மூன்று பேரும் நடந்தே போனார்கள். ஸ்கார்ஃப் வீட்டுக் கொடியில் கிடந்தது. தெருமுனையில் ஒருவர் உற்றுப் பார்த்தார். அக்கா அவரைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள், அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். கடைக்குள் பூட்டிக்கிடந்த வாடை. ஜன்னலைத் திறந்தாள், நாற்காலியில் இருந்த தூசியைத் துணியால் அடித்தாள், குழாயைத் திறந்து துருத்தண்ணீர் போகும்வரை விட்டாள். தங்கை உட்கார்ந்தாள். அக்கா அவள் தலையை நனைத்து, சீப்பு இருந்த பக்கம் திரும்பாமல், விரல்களை உள்ளே விட்டுச் சிக்கைத் தேடினாள்.

"எத்தனை சுத்து சுத்தணும்?"

"நுனி வரைக்கும். ரொம்ப இறுக்காத."

முதல் கொத்து கோணிக்கொண்டு வந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி முறுக்கினாள். மூன்றாவது கொத்திலிருந்து கை பிடித்துக்கொண்டது; ஒரே அளவு, ஒரே இறுக்கம், நூல் பிடித்தாற்போல் வகிடு. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மாடிவீட்டு அம்மாளுக்கும் அவள் மருமகளுக்கும் இப்போதெல்லாம் பேச்சே இல்லையாம் என்று அக்கா ஆரம்பித்தாள். தங்கை "ம்" என்றாள்.

மேசைமேல் வைத்திருந்த போன் அடித்தது. அக்காவின் இரண்டு கைகளிலும் கிரீம். கணவர்தான் எடுத்தார். செல்போன் கடைக்காரர். அலமாரிக்கு அளவெடுக்க இன்றைக்கே வரலாமா, கடையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

கணவர் அக்காவைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. பின்னந்தலையில் ஒரு பாத்தியைப் பிரித்து வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு நின்றாள்.

"இல்லைங்க, வர வேண்டாம்" என்றார் அவர். "அவங்க வேலையில இருக்காங்க."